வலது பின் டயர்

ஜெர்மனிக்குப் போய்விடுவது என்று அக்டோபர் கடைசியில் முடிவு செய்தேன். என் பத்தொன்பது வருட வாழ்க்கையில் நானாக எடுத்த இரண்டாவது முடிவு. முதல் முடிவு, பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டது. கல்யாணத்தைச் சேர்க்கவில்லை. அதை முடிவு செய்தது நெவெனா.

கோழியை வெட்டிப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலை. எங்கள் மெஸ்த்ரா ஊர்க்காரர் க்ராசிமிர் அங்கே மேற்பார்வை பார்க்கிறார். ஒரே ஒரு இடம்தான் காலி. "பதினொண்ணாந் தேதி திங்கட்கிழமை காலைல ஆறு மணிக்கு நீ இங்க நிக்கணும். இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்று போனில் சொல்லிவிட்டார்.

மூன்று மாத வேலை என்று நெவெனாவிடம் சொன்னேன். உங்களிடம் மறைப்பானேன், திரும்பி வருவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நான் வேலை பார்த்த மரச்சாமான் பட்டறையை மூடிவிட்டார்கள். வீடு நாலாவது மாடியில் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் மூடுபனி, மூடினால் மாமியார் கொடுத்த அலமாரி. நானும் அவளும் சேர்ந்து சிரித்து இரண்டு மாதம் இருக்கும்.

கார் என்னைவிட ஒரு வயது மூத்தது. செத்துப்போன சித்தப்பாவுடையது. அதன் சாவி எப்போதும் என் பாக்கெட்டில்தான். நெவெனாவிடம் லைசென்ஸ் உண்டு. ஆனால் இந்த கிளட்ச் என் காலுக்குத்தான் அடங்கும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

குளிர்கால டயர்களை மாட்டினேன். மறுநாள் காபிக் கடையில் சீட்டாடிவிட்டு வந்தால், வலது பின் டயர் உட்கார்ந்திருந்தது. டிக்கியில் இருந்த சின்ன கம்ப்ரஸரை எடுத்துக் காற்றடித்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி உட்கார்ந்தது.

"ரெண்டாயிரம் கிலோமீட்டர் இதுலயா போவப் போற?" என்றாள் நெவெனா. "ஒழுங்கா சரி பண்ணிட்டுக் கிளம்பு. நடுவழியில நின்னா நான் வந்து தள்ள முடியாது."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் உக்காந்திருக்கு?"

லிப்ட் செத்து மூன்று வருடம். டயரைக் கழற்றி நாலு மாடி தூக்கிப்போய்க் குளியல் தொட்டியில் முக்கினேன். ஒரு குமிழி வரவில்லை. நெவெனா கதவில் சாய்ந்து நின்றாள்.

"முதுகு தேச்சுவிடலியா?"

"ஓட்டை தேடறேன்."

"நல்லாத் தேடு" என்று சொல்லிவிட்டு அறைப் பக்கம் போனாள். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரிதான் இருந்தது. எனக்குக் கேட்கப் பொறுமை இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து வால்வில் ஊற்றினேன். விளிம்பு முழுக்கத் தடவினேன். டயர் மினுமினுத்தது. அவ்வளவுதான்.

சனிக்கிழமை மறுபடி இறங்கியது. திங்கட்கிழமை காலையில் பஞ்சர் கடை ஸ்லாவ்ச்சோவிடம் கொண்டுபோனேன். அவர் தன் தொட்டியில் முக்கிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். வால்வைப் புதிதாக மாற்றினார். டயரைப் பிரித்து, விளிம்புத் துருவைச் சுரண்டித் திரும்ப மாட்டினார்.

"டேய் ஸ்தானிமிர், இது உன்னைவிட நல்லா மூச்சடக்குதுடா."

"அப்ப காத்து எங்கண்ணே போவுது?"

"முன் டயரைப் பின்னாடி மாத்து, பின் டயரை முன்னாடி மாத்து. ஓட்டை இருந்தா அது டயரோடயே முன்னாடி வரும்."

"வரலைன்னா?"

"டயர்ல ஒண்ணுமில்லேன்னு அர்த்தம். கோளாறு உங்கிட்டத்தான்."

மாற்றினேன். எப்போதும் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினேன். கட்டிடத்தின் நிலவறைக்குத் தரையோடு சின்ன ஜன்னல்கள் உண்டு. நிலவறையில் வீட்டுக்கு ஒரு பங்கு. எங்கள் பங்கின் ஜன்னலை ஒட்டித்தான் என் இடம். சாயங்காலம் பார்த்தேன். முன்னால் போன டயர் கல் மாதிரி நின்றது. பின்னால் வந்த நல்ல டயர் உட்கார்ந்துவிட்டது. புதன்கிழமையும் அப்படியே.

எந்த டயரை மாட்டினாலும் வலது பின்பக்கம் சாகிறது. இந்த ஊர் என்னை விடாது என்று தோன்றியது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பொய். சூப் மட்டும் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை காபிக் கடையில் சீட்டுக்கு நாலு பேர் சேரவில்லை. ஒருவன் ஸ்பெயினுக்குப் போய்விட்டான். மூன்று மணிக்கே திரும்பி வந்தேன்.

நிலவறை ஜன்னலிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் குழாய் வெளியே வந்து, என் வலது பின் டயரின் வால்வைக் கவ்விக்கொண்டிருந்தது. பழைய கால்பம்பின் குழாய்.

கீழே ஓடினேன். நெவெனா கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். எதிரே, குளிர்காலத்துக்கென்று உப்புத்தண்ணீரில் ஊறப்போட்ட எங்கள் முட்டைக்கோஸ் பீப்பாய். குழாயின் மறுமுனை அதற்குள். உப்புத்தண்ணீர் குடுகுடுவென்று கொப்பளித்தது. குமிழிகள்! பத்து நாளாக நான் தேடிய குமிழிகள் மொத்தமும் அங்கே இருந்தன.

"நெவெனா! அது என் டயர்க் காத்து!"

"ஆமா. ரெண்டு நாளைக்கு ஒருதரம் அடியிலேர்ந்து காத்து ஊதலேன்னா தண்ணி கொழகொழத்துப் போயிடும். குளிர்காலம் முழுக்க என்னத்தத் திம்ப?"

"கம்ப்ரஸர் இருக்கே!"

"டிக்கியில இருக்கு. சாவி உன் பாக்கெட்ல இருக்கு. டயர்தான்டா வெளியில இருக்கு."

"நான் நாலு மாடி தூக்கிட்டு வந்தேன். பாத்துட்டு சும்மா இருந்தியா?"

"முதல் ரெண்டு தரம் சத்தியமா கோஸுக்காகத்தான். நீ தொட்டில முக்கினியே, அப்ப சொல்லிடலாம்னுதான் வந்தேன். சொல்றதுக்குள்ள கட்டில்மேல உன் பை தொறந்து கெடந்ததப் பாத்தேன்."

"பைல என்ன?"

"பனிக்காலம், மூணு மாச வேலை. கோடைச் செருப்பு எதுக்குடா?"

பீப்பாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"சரி" என்றேன் கடைசியில். "டயர் நல்லாத்தான் இருக்கு. நாளைக்குக் காலைல கிளம்பறேன். திங்கட்கிழமை போய்ச் சேந்துடுவேன்."

"போயேன்" என்றாள். சண்டையே இல்லை. அப்போதாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நிலவறைப் படியில் நின்றே க்ராசிமிருக்குப் போன் போட்டேன்.

"எங்கடா கிளம்பற?" என்றார். "எடம் நிரம்பிடுச்சே. புதன்கிழமை உன் நம்பருக்குப் போட்டேன். நீ போனை வீட்ல வச்சிட்டு சீட்டாடப் போயிருந்தியாம். உன் வீட்டுக்காரிதான் எடுத்தா. டயர்ல காத்தே நிக்கல, அவன் வந்து சேர மாட்டான்னு சொன்னா."

"அப்புறம்?"

"பஸ்ஸுக்கு அந்தப் பிரச்சனை இல்லண்ணே, அவனுக்குப் பதிலா நான் வரேன்னு சொன்னா. பேப்பர்லாம் அனுப்பியாச்சு. பொறுப்பான பொண்ணுப்பா. உனக்கு எப்படிக் கெடச்சா?"

திரும்பினேன். நெவெனா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வால்வுக்கு மூடி போட்டுவிட்டு, குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ திரும்பி வருவியா?" என்று கேட்டேன்.

"நீ வந்திருப்பியா?"

முதல் தடவையாக அவளிடம் உண்மை சொன்னேன். "தெரியல."

"எனக்கும் அதான்டா பதில்" என்று சொல்லிக் குழாயை என் கையில் கொடுத்தாள். "ரெண்டு நாளைக்கு ஒருதரம். மறந்துடாத."

மறுநாள் சோஃபியாவில் பஸ் பிடிக்க வேண்டும். தொண்ணூறு கிலோமீட்டர். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவள் சாவிக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன். கிளட்ச் அவள் காலுக்கு என்னைவிட நன்றாக அடங்கியது. நான் ஜன்னலை இறக்கிவிட்டு, மூடுபனியில் தலையை நீட்டி, ஒரு டயராவது இறங்காதா என்று பஸ் நிலையம் வரைக்கும் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நாலும் கல் மாதிரி இருந்தன.