தமனி சார் பிடித்த கை

“நீ காலோட நின்னுக்கோ பிள்ள. கைக்கு வர உனக்குப் பத்தாது.”

என்னிடம் இப்படிச் சொன்னவர் எங்கள் ஆஸ்பத்திரியின் இதய அறுவை மருத்துவர். பெயர் எதற்கு, திருநெல்வேலி முழுக்க அவர் தமனி சார்தான். அவரிடம் கையை நீட்டிவிட்டு உடனே திரும்பப் பெற்றவர் இந்த ஜில்லாவில் கிடையாது.

இதயத்தில் அடைப்பு வந்தால் உடம்பின் வேறு இடத்திலிருந்து ரத்தக் குழாயை எடுத்து மாற்றுப் பாதை போடுவார்கள். கையிலிருந்து எடுப்பது தமனி, நெடுங்காலம் உழைக்கும். காலிலிருந்து எடுப்பது சிரை. எடுக்க எளிது, சீக்கிரம் பழுதாகும். சாருக்குச் சிரை என்றாலே ஆகாது. “தளம் போட வழி இருக்கையில ஓலை மேயச் சொல்லுதியா?” என்பார். அந்த ஓலையை எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். ஒரு பொத்தல் விழாமல் சிரை எடுக்க இந்த ஊரில் என்னை விட்டால் ஆளில்லை; இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

கைத் தமனியை எடுக்குமுன் ஒரு சோதனை உண்டு. மணிக்கட்டில் இரண்டு தமனிகளையும் அமுக்கிப் பிடித்து, விரல்களை மூடித் திறக்கச் சொல்ல வேண்டும். சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை மட்டும் விட்டால், வெளிறிய உள்ளங்கை சிவக்க வேண்டும். சிவந்தால் கைக்கு அது ஒன்றே போதும், மற்றதை எடுக்கலாம். இதை நோயாளிகளிடம் மட்டும் செய்திருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? ஒரு கல்யாண வரவேற்பில் கைகுலுக்க வந்த மாப்பிள்ளையை மேடையிலேயே பிடித்துக்கொண்டார். வரிசை பந்தி வரை நீண்டது. “நல்ல கை வே. பின்னால உதவும்” என்று வாழ்த்திவிட்டு இறங்கினார். பெண்ணின் அம்மா அழுதேவிட்டாள். விபூதி கொடுக்கும்போது ஒருநாள் இப்படிக் கை மாட்டிக்கொண்ட பிள்ளையார் கோயில் அர்ச்சகர் அன்றிலிருந்து அவருக்குத் தட்டோடு நீட்டிவிடுவார்.

இதற்கெல்லாம் நானும் சிரித்தவள்தான், பேச்சியம்மாள் வரும்வரை.

சேரன்மகாதேவிப் பக்கத்துக்காரர். பீடி சுற்றுகிறவர். சார் அவருடைய இடது கையைப் பிடித்தார், அமுக்கினார், விட்டார். “சிவந்துட்டு. நாளைக்கு இந்தத் தமனிதான்.”

நானும் பார்த்தேன். புகையிலை ஏறிக் காய்த்துப்போன பழுப்புக் கை. அதில் வெளிறவும் இல்லை, சிவக்கவும் இல்லை. என் அம்மாவுக்கும் இதே கைதான். அந்தக் கைதான் என்னைப் படிக்கவைத்தது.

“கறைதான் சார் தெரியுது. நிறத்தை நம்பி எடுக்க வேண்டாம்.”

“எத்தன வருஷமா கை பாக்கேன் தெரியுமா?”

“பீடிக் கைய நான் பிறந்ததுலேர்ந்து பாக்கேன் சார்.”

காதில் வாங்காமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணிப்புத் தவறினால் சாருக்கு அது ஆயிரத்தில் ஒரு கை. பேச்சியம்மாளுக்கு அடுப்பு எரிவதே அதை வைத்துத்தான். மறுபடி சொன்னேன். விலகிப் போகச் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போதே பேச்சியம்மாளின் பெருவிரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டிவிட்டேன். திரையில் துடிப்பு அலை அலையாக ஓடியது. பெருவிரல் பக்கத் தமனியை அமுக்கினேன். அலை படுத்துவிட்டது. விரலை எடுக்காமல் காத்திருந்தேன். எழவேயில்லை. அந்தப் பெருவிரலுக்கு ரத்தம் கொடுக்க வேறு துணையில்லை.

சார் திரும்பி வந்தார். என் கையைத் தட்டிவிட்டுத் தானே அமுக்கினார். மறுபடி அமுக்கினார். அலை எழாமல் வெறும் கோடாகவே கிடந்தது.

“எய்யா, சண்டைய முடிச்சிட்டுச் சொல்லுங்க. எங் கைய விடுங்க, மரத்துப் போச்சு” என்றார் பேச்சியம்மாள்.

சார் கையை விட்டார். அப்புறம் என் மேல் பாய்ந்தார். “இத முதல்லயே சொல்லதுக்கு என்ன?”

“மூணு தடவ சொன்னேன் சார்.”

“நாலாந்தடவ சொல்லணும்.”

மன்னிப்பு என்கிற வார்த்தை அவருக்குத் தெரியாது. மறுநாள் நான் காலிலிருந்து எடுத்துக் கொடுத்த சிரையைத் திட்டிக்கொண்டே தைத்தார். ஆனால் ஒரு தையலிலும் கோபம் இல்லை. பேச்சியம்மாள் எழுந்து உட்கார்ந்த நாளில் சார் அவரிடம் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து, “சுத்திக் காட்டுங்க” என்றார். அந்த விரல்கள் ஓடிய வேகத்தைக் கட்டில் ஓரத்தில் நின்று, சாப்பாட்டு நேரத்தையும் மறந்து பார்த்தார்.

போன மாதம் சார் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போய்விட்டார். இங்கே எல்லாரும் நிம்மதி என்கிறார்கள். எனக்கு அதிலும் எரிச்சல்தான் வருகிறது. மதுரையில் எத்தனை பேர் அவரிடம் கையை நீட்டுவார்களோ, எதிர்த்துப் பேச அங்கே யார் இருக்கிறார்கள்? கோபம் வந்தால் அந்த மனிதர் சாப்பிடமாட்டார் என்பதாவது அங்கே யாருக்காவது தெரியுமா?

விண்ணப்பம் போட்டு, நேர்காணலும் முடித்துவிட்டேன். திங்கட்கிழமை அவர் பிரிவில் சேருகிறேன்.