நெற்றித் தழும்புக்காரியைத் தேடியவர்

பாட்டுக்காரர் அர்த்தநாரி கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய செய்தி எலப்புள்ளிக்கு வந்தபோது மாலை நாலரை மணி. ஐந்து மணிக்கெல்லாம், அவர் எழுதிய நாடகப் பாட்டில் வரும் நெற்றித் தழும்புக்காரி யார் என்ற விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

பாட்டுக்குள் ஆள் தேடும் இந்த இனம் உங்களுக்குப் புதிதல்ல. ரேடியோவில் பாட்டு வந்தால் நாமெல்லாம் தலையாட்டுவோம்; இவர்கள் துப்புத் துலக்குவார்கள். பாட்டில் மழை பெய்தால் எந்த வருஷத்து மழை என்பார்கள், ஒருத்தி காத்திருந்தால் எந்த பஸ் ஸ்டாப்பில் என்பார்கள், தாலாட்டு என்றால் தொட்டிலை எட்டிப் பார்த்துப் பிள்ளை யார் சாயல் என்று சொல்லி, "நான் சொன்னதா வெளிய சொல்லிப்போடாதீங்க" என்று முடிப்பார்கள். கற்பனை என்று ஒன்று உண்டே? உண்டு. அது மற்றவர்களுக்கு.

எலப்புள்ளியில் இந்த இனத்தின் தலைமகன் ஈஸ்வரமூர்த்தி. பி.ஏ. படித்தவர், கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபேக்டரியில் டைம்கீப்பர், நல்ல மனுஷர். இழவு வீட்டில் பந்தல் போட்டதிலிருந்து பாய் விரித்ததுவரை எல்லாம் அவர்தான் பார்த்தார். பார்த்தபடியே, அர்த்தநாரியின் மனைவி கமலாத்தாளின் நெற்றியையும் பார்த்தார். வழவழவென்று இருந்தது. ஆக, இவளில்லை.

கமலாத்தாள் அவரிடம் ஒரே ஒரு வேலை சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அர்த்தநாரி மலைமேல் பள்ளிவாசல் பவர் ஹவுஸில் வேலையாக இருந்தபோது, கூடப்பிறந்தவர்போல அவரைப் பார்த்துக்கொண்டவர் சூசையப்பன்.

"தந்தி வேண்டாங்க தம்பி. சூசையண்ணனுக்கு நெஞ்சு பலமில்லை. நேர்ல போயிப் பதமாச் சொல்லி, கருமாதிக்குக் கையோட கூட்டியாந்துருங்க. அவரு வல்லீன்னா இவரு மனசு ஆறாதுங்க."

"அந்தக் கவலைய உடுங்க்கா."

பள்ளிவாசல் என்ற பெயர் காதில் விழுந்ததுமே ஈஸ்வரமூர்த்திக்குப் பாதி மர்மம் விலகிவிட்டது. அந்தத் தழும்புக்காரி பாட்டில் பனியும் வருகிறதல்லவா? எலப்புள்ளியில் ஏது அத்தனை பனி?

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மலையேறி, தேயிலைத் தோட்டத்தில் சூசையப்பனின் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து கட்டன்காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"அர்த்தநாரி எப்படியிருக்கான்?" என்று கேட்டார் சூசையப்பன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுகை வரும், ஆள் கூடும், அப்புறம் யாரிடம் என்னத்தைக் கேட்பது?

"அதைப் பொறவு சொல்றனுங்க. அந்தக் காலத்துல அவருக்குத் தெரிஞ்ச பொண்ணு யாராச்சும், நெத்தியில தழும்போட...?"

"எந்தப் பொண்ணு?" என்றார் சூசையப்பன். அந்நேரம் அவர் மனைவி புஷ்பமேரி பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றினாள். நெற்றியில் பட்டையாக ஒரு தடம். ஈஸ்வரமூர்த்தி டம்ளரைக் கீழே வைத்தார். பின்னாலேயே பக்கத்து வீட்டுச் சந்தனமேரி வந்தாள். அவளுக்கும் தடம். அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் தடம்.

"என்னய்யா, வாரவ போறவ நெத்தியெல்லாம் உத்து உத்துப் பாக்கீக?" என்றாள் புஷ்பமேரி. அவர் தேடி வந்த விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "இம்புட்டுதானா? காலையில பேரு கூப்பிடுத மஸ்டருக்கு வாங்க, வரிசையா நிக்கோம். பிடிச்ச நெத்தியாப் பாத்து எடுத்துக்கிடுங்க."

மனுஷர் சோர்ந்துபோயிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? ஒருத்தியைத் தேடிப் போனவருக்கு ஒரு மலையே அகப்பட்டிருக்கிறது. ஊரில் போய்ச் சொல்லாமல் இருப்புக் கொள்ளுமா? கடைசி பஸ் ஹாரன் அடித்ததும் ஓடிப்போய் ஏறிவிட்டார்.

எலப்புள்ளியில் கமலாத்தாள் வாசலுக்கே வந்தாள். சூசையண்ணன் பின்னால் வருகிறாரா என்று கேட்கத்தான் வந்தாள்.

"ஏனுங்க்கா, அது ஒருத்தி இல்லீங்க. அந்த மலையில அத்தனை பேருக்கும் அதே நெத்திதானுங்க."

கமலாத்தாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாக, மேடையில் அந்தப் பாட்டை எடுத்தாலே ஊர்ப் பெண்கள் திரும்பி அவள் நெற்றியைத்தான் பார்ப்பார்கள். இழவு விழுந்த பிறகு முதல் முறையாக அவள் உதட்டில் சிரிப்புப்போல ஏதோ வந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அதுல ஆருங்க தம்பி கொஞ்சம் லட்சணமா இருந்தா?" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். தழும்புக்காரி யாரென்று தெரிந்துவிடும் என்றுதானே நீங்களும் இவ்வளவு தூரம் கூடவே பஸ் ஏறி வந்தீர்கள்? இந்த இனத்தில் சேர விண்ணப்பமும் இல்லை, சந்தாவும் இல்லை.

மறுநாள் காலை கருமாதி. அர்த்தநாரி இறந்துவிட்டார் என்று சூசையப்பனிடம் யாரும் சொல்லவில்லை.