பிணமும் நானே, இயக்குநரும் நானே

வருஷக்கணக்கில் சீரியலில் அடுத்தவர் சொன்ன இடத்தில் நின்று அழுதவனுக்கு, ஒருநாள் தானும் நாலு பேரை அழவைத்துப் பார்க்க ஆசை வரும். எனக்கும் வந்தது. சேமிப்பையெல்லாம் போட்டு நானே தயாரிப்பாளர், நானே இயக்குநர் என்று ஒரு படம் தொடங்கினேன். கதையில் செத்துப்போகும் அப்பா வேஷத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். (பிணத்துக்கு வசனம் கிடையாது, ஒரு நடிகரின் சம்பளமும் மிச்சம். என்ன மூளை!)

படத்துக்கு உயிரே அந்தச் சாவுக் காட்சிதான். அதற்குச் சின்னாளப்பட்டியில் ஒரு வீடு ஒரே ஒரு நாளுக்குக் கிடைத்தது. சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். தத்ரூபமாக இருக்கட்டும் என்று என் முகம் போட்ட 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டரை பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒட்டச் சொன்னேன். பெயரென்னவோ கதாபாத்திரத்தின் பெயர்தான். ஆனால் தெரிந்த முகம் அஞ்சலி போஸ்டரில் இருந்தால் பெயரை யார் படிக்கிறார்கள்? யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்ப, அது எரியோட்டில் இருக்கும் என் பேச்சியம்மா அத்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்குப் போன் அடித்துப் பார்த்திருக்கிறாள். பிணத்தின் மடியில் போன் அடிக்கக் கூடாதே என்று நான் அணைத்து வைத்திருந்தேன்.

இங்கே என் பிரச்சினை வேறு. அழுவதற்காகக் கூட்டிவந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"டிவில மாமியாகிட்டத் திட்டு வாங்குவாருல்ல, அவருதான்டி!"

பொழுதோ போய்க்கொண்டிருந்தது. நெற்றியில் காசு, கால் கட்டைவிரல்களுக்கு ஒரு கட்டு, வாய் திறக்காமல் இருக்க நாடியைத் தலையோடு சேர்த்து ஒரு கட்டு. பெஞ்சில் படுக்கும் முன் கேமராமேன் சேகரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "நான் கட் சொல்ற வரைக்கும் கேமரா நிக்கக் கூடாது. யாரு வந்தாலும் சரி." நாடியைக் கட்டியவன் எப்படிக் கட் சொல்வான் என்பது யூனிட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கேமரா ஓடத் தொடங்கிய செத்த நேரத்தில் வாசலில் ஓர் அலறல். அத்தை மாலையும் கையுமாக ஓடிவந்து என் மேல் விழுந்தாள்.

"ஏ ராசா! சீரியல்லயே இருந்திருந்தா மாசாமாசம் சம்பளம் வந்திருக்குமே! டைரட்டரு ஆவுறேன்னு போயி இப்படிப் பெஞ்சுல கெடக்கியே! வாயத் தெறந்து ஒரு வார்த்த பேசு ராசா!"

பேசத்தான் பார்த்தேன். "ம்ம்ம்" என்ற சத்தம் அந்த ஒப்பாரியில் யாருக்குக் கேட்கும்? சிரித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் அத்தையைப் பார்த்து, படுத்த இடத்திலேயே எனக்கு உயிர் போய்விட்டதென்று நம்பி, நிஜமாகவே மாரடித்து அழுதார்கள். நான் எழுந்து உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எனக்குள் இருந்த இயக்குநர், 'அசையாதே, இப்படி ஒரு ஷாட் ஜென்மத்துக்கும் கிடைக்காது' என்று படுத்தே கிடந்தார். எனக்குள் இருந்த அத்தையின் மருமகன்தான் துடித்தான்.

"நீ படம் எடுப்பன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே!" என்றாள் அத்தை.

என் முகத்துக்கு நேரே அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சீரியலை விட்டதற்கு வைததுதான் எனக்குத் தெரியும். மூடிய கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"ஏலே, பொணம் அழுகுதுடா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

பதறி எழுந்தேன். கால்கட்டு இருப்பது மறந்துபோய் அத்தை மேலேயே சாய்ந்தேன். அழ வந்த கூட்டத்தில் பாதி காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிவிட்டது. அத்தை ஓடவில்லை. என்னைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, பிறகு மாலையாலேயே அடித்தாள். சேகர் அதையும் எடுத்துக்கொண்டிருந்தான். (நான்தான் கட் சொல்லவில்லையே!)

படம் சுமாராக ஓடியது. பார்த்தவர்கள் எல்லாரும் அந்த அழுகையைத்தான் பேசினார்கள். அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் கிடைத்ததும் அதனால்தான். அத்தையோ, "நீ நடிச்சதுலயே பொணமாக் கெடந்ததுதான்டா உருப்படி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் மண்டப வாசலிலேயே அத்தை என் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளுவாள். சொந்தக்காரர்கள் சிரிப்பதற்கென்றே காத்திருப்பார்கள். நான் "ஆ!" என்று கத்தினாலும் கையை மட்டும் உடனே விடமாட்டாள். பிறகு பந்தியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்:

"உசுரு இருக்கு. எலையப் போடுங்கப்பா!"