குறிஞ்சா சப்பிய மாப்பிள்ளை

படித்த படிப்பைக் காட்டக்கூடாத இடத்தில் காட்டி மாட்டிக்கொண்டவர்களில் நான் முன்வரிசைக்காரன். அப்போது தாவரவியல் பட்டம் வாங்கிய சூடு ஆறியிருக்கவில்லை. வேலியில் நிற்கும் செடியைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

நீர்வேலிக்குப் பெண் பார்க்கப் போகும் வழியில், அப்பாவின் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, சிறுகுறிஞ்சா இலை வாங்கவென்று அம்மா ஓட்டோவை ஒரு மூலிகைக் கடையில் நிறுத்தினார். எல்லாம் காய்ந்து சுருண்ட இலைகள். எது குறிஞ்சா, எது வேலிச் சருகு என்று யார் கண்டது?

"இது அசல் எண்டு எப்பிடி நம்புறது?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "சப்பிப் பாரும் தம்பி. பிறகு இதை வாயிலை போடும்" என்று ஒரு கற்கண்டை நீட்டினார்.

சப்பினேன். கசந்தது. கற்கண்டைப் போட்டேன். இனிப்பே இல்லை, வெறும் கல்! குறிஞ்சா நாக்கின் இனிப்புணர்வைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடும் என்று படித்தது என் வாய்க்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. அந்தப் பரவசத்தில் பக்கத்து மூட்டையையும் சோதித்தேன். அதுவும் அசல்! அடுத்ததும் அசல்! (முதல் இலையோடு நாக்கு மரத்துவிட்டது, இனி வாழைச் சருகைச் சப்பினாலும் அசல்தான் என்பது இந்தப் பட்டதாரிக்கு உறைக்கவில்லை.)

பெண்வீட்டில், பெண்ணின் தாய் தேத்தண்ணி தந்தார். "சீனி காணுமோ தம்பி?"

பதற்றத்தில் குறிஞ்சாவை மறந்தே போனேன். "கொஞ்சம் காணாது" என்றேன்.

ஒரு கரண்டி போட்டார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்..."

நாலாவது கரண்டியில் அவர் முகம் வாடிவிட்டது. அம்மா என் கோப்பையைப் பறித்து ஒரு மிடறு குடித்தார். "டேய், இது சீனிப் பாணியடா! உனக்கென்ன விசரே?"

பெண்ணின் தகப்பன் செருமினார். சம்பந்தம் அந்தக் கோப்பைக்குள்ளேயே கரைந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மாவின் பையிலிருந்து இலைப் பொட்டலத்தை எடுத்து, தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னேன்.

கதவோரம் நின்ற பெண், கலா, நேரே என்னிடம் வந்தாள். "உண்மையாவோ? தாங்கோ பாப்பம்."

சப்பினாள். சீனிப் போத்தலுக்குள் விரலை விட்டு நக்கினாள். கண்கள் விரிந்தன. "அம்மா, மணல்! சீனி மணல் மாதிரிக் கிடக்கு!"

பிறகென்ன? தகப்பன் சப்பினார், தாய் சப்பினார், கடைசியில் என் அம்மாவும் சப்பினார். தட்டிலிருந்த பயத்தம் பணியாரத்தை ஆளுக்கொன்று கடித்துவிட்டு, "மண்", "மரத்தூள்" என்று முகம் சுளித்துச் சிரித்தோம். கேட்க வந்த கேள்விகளை யாரும் கேட்கவேயில்லை.

"பெடியனுக்குக் கொஞ்சம் விசர்தான். ஆனால் பொய் சொல்லத் தெரியேல்லை" என்றார் தகப்பன். கலா எல்லோருக்கும் முன்னால், "எனக்கு ஓம்" என்று சம்மதம் சொன்னாள்.

பதினொரு வருடங்களாகிவிட்டன. இன்றும் மாமியார் எனக்குத் தேத்தண்ணி தருவதென்றால் வீட்டிலுள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டு, "மூண்டு கரண்டி போட்டிருக்கு, எல்லாரும் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சாட்சி வைத்த பிறகுதான் கோப்பையை நீட்டுவார்.