மாப்பிள்ளைக்கு டி.பி. இல்லை

மரக்காணம்,
27-1-2006.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பாலகுரு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மலர்கொடியும் நலமாக இருக்கிறோம். வழக்கமாக இந்த வரியை எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். இந்தக் கடிதத்தில் விஷயமே இது ஒன்றுதான். மீதியெல்லாம் இதற்கான விளக்கம்.

பிரம்மதேசம் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தீர்கள் என்றும், என் நெஞ்சுச் சளிக்காக அத்தை ஒரு நாட்டுக்கோழியைத் தனியாகத் தீனி போட்டு வளர்க்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அந்தக் கோழியை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்கு டி.பி. இல்லை. இதைப் போனில் சொல்லலாம் என்றால், உங்களுக்குப் போன் அப்பாதுரை மளிகைக் கடையில் இருக்கிறது. அங்கே "இல்லை" என்று சொன்னால் தெருக்கோடிக்குப் போவதற்குள் "இருக்கிறது" என்று ஆகிவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மழை பிடித்துக்கொண்டால் உப்பளக்காரனுக்கு வேலை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் பெய்த மழையில் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே ஏரியாகக் கிடந்தது. மிச்ச உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால், மலர்கொடி கிளினிக்குக்கு லீவு போட்டுவிட்டு, எம்.டி. நுழைவுத் தேர்வுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறாள். "ஏங்க, சும்மாதானே இருக்கீங்க. இந்த கைடுல இருக்கிற கேள்வியெல்லாம் படிங்க, நான் பதில் சொல்றேன்" என்றாள். நான் பி.காம். ஆள். ஆனாலும் டாக்டரம்மா புருஷன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறவன், ஒரு கேள்வி படிக்கமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்தேன். மருந்துப் பெயர்களை நான் வாசிப்பதைக் கேட்டு முதல் நாள் முழுக்க அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பழகிவிட்டது. நான் கேள்வியையும் நாலு விடைகளையும் படிப்பேன், அவள் கண்ணை மூடிக்கொண்டே "சி, அடுத்தது" என்பாள்.

கெடுதல் எங்கே வந்தது என்றால், கேள்விகள் எனக்குப் புரிய ஆரம்பித்தன. ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு நோயாளி வருகிறான், அவனுக்கு என்னென்ன செய்கிறது என்று எழுதியிருக்கிறார்கள், படித்துப் பார்த்தால் அது நான்தான். தைராய்டு படித்த வாரம் என் கை நடுங்கியது. கல்லீரல் படித்த வாரம் கண்ணாடி முன்னால் நின்று கண்ணைக் கீழே இழுத்து இழுத்துப் பார்த்ததில் கண் சிவந்து, அதற்கும் ஒரு நோய் அகப்பட்டது. தொழுநோய் அன்று கொல்லைப்புறம் போய் உள்ளங்காலில் ஊசியால் குத்திப் பார்த்தேன், வலிக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்து உப்பில் நின்று காய்த்துப்போன கால் என்பது ஊசி வளைந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை மாமா. படிக்கிற பெண்ணைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நானே புதுச்சேரிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் வேறொன்றையும் கண்டுபிடிக்கவில்லை, பிரஷர் மட்டும் அதிகம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் மறைத்து வைத்துச் சாப்பிட்டு வந்தேன். பத்துப் பதினைந்து நாளில் இருமல் ஆரம்பித்தது. சளி கிடையாது, ஜுரம் கிடையாது, வெறும் வறட்டு இருமல். அப்போது நாங்கள் நுரையீரல் பாடத்தில் இருந்தோம். டி.பி.தான் என்று முடிவுகட்ட எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இருமல் வரும்போதெல்லாம் மோட்டார் கொட்டகையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மழையில் எழுந்து போய் அங்கே நின்று இருமினேன். ஒருநாள் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளிப் பரிசோதனை வரிசையில் நின்றேன். அங்கேயா நம் உப்பள மேஸ்திரி கலியன் கால் விரலுக்குக் கட்டுப் போட வரவேண்டும்?

"மொதலாளி, இந்த லைன்லயா நிக்கிறீங்க?"

"சும்மாதான்யா."

"சும்மா நிக்கிற லைனுங்களா இது?"

அவன் எனக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்துத் தன் ஊரான அனுமந்தைக்குப் போய்விட்டான். மறுநாள் கொட்டகைக்கு மூன்று பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, நன்றாகத் தள்ளி நின்று விசாரித்தார்கள். அங்கிருந்து உங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. பரிசோதனையில் என்ன ஆயிற்று என்றால், அந்த நர்சம்மா கொடுத்த டப்பாவில் துப்ப என்னிடம் சளியே இல்லை. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. வேறு ஆளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். நான், எக்ஸ்ரேக்குக்கூடத் தெரியாத வியாதி என்று இன்னும் பயந்தேன். "எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டாலும் நீ படிப்ப விடக்கூடாது மலர்" என்று ஒரு சாயங்காலம் தழுதழுத்தேன். அவள் கண்ணைத் திறக்காமல், "இது எத்தனாவது கேள்விங்க?" என்றாள்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மருந்தியலைத் திருப்பிக்கொண்டிருந்தோம். பிரஷருக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த நோயாளிக்கு வறட்டு இருமல் வருகிறது, எந்த மாத்திரை என்று கேள்வி. இருமிக்கொண்டே படித்தேன். விடைகளையும் படித்தேன்.

"பி. எனாலப்ரில். அடுத்தது" என்றாள்.

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"அடுத்தது படிங்க."

"மலர், பி என் பாக்கெட்ல இருக்குது."

அவள் கண்ணைத் திறந்தாள். அட்டையை வாங்கிப் பார்த்தாள். எத்தனை நாளாக என்று கேட்டாள், சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "பக்கத்துல உக்காந்து ஒரு மாசமா இருமுறீங்க. புருஷன் இருமுறது காதுல விழலை. எவனோ கைடுல இருமினா மட்டும் பதில் சொல்றேன். நான் எதுக்குங்க எம்.டி. படிக்கணும்?" என்று சொல்லிப் புத்தகத்தை மூடி பீரோ மேல் போட்டுவிட்டாள். மறுநாளும் அதைத் தொடவில்லை. பரீட்சைக்குப் போகப்போவதில்லை என்றாள்.

மாமா, என் இருமலுக்கு அவ்வளவு பயந்தவன், அன்றைக்குத்தான் நிஜமாகப் பயந்தேன். உங்கள் பெண் எத்தனை வருஷமாக இந்தப் படிப்புக்கு ஏங்கினாள் என்று உங்களைவிட எனக்குத் தெரியும். சமாதானம் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் புத்தகத்தை எடுத்துக் கூடத்தில் உட்கார்ந்து, கேள்வியையும் நானே படித்து, விடையையும் நானே சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் சமையற்கட்டில் இருந்தாள். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. நான் மலேரியாக்காரனுக்கு இன்சுலின் போட்டபோது கரண்டி நின்றது. மாரடைப்புக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தபோது, கையில் மாவோடு வந்து, "ஆளைக் கொன்னுடுவீங்க, குடுங்க இப்படி" என்று புத்தகத்தைப் பிடுங்கினாள். அவளை இழுக்க வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன் என்று உங்களிடம் பெருமையடித்துக்கொள்ளலாம். உண்மையில், சரி என்று நினைத்துத்தான் சொன்னேன்.

சென்னைக்கு நான்தான் அழைத்துப்போனேன். எழுதிவிட்டு வெளியே வந்தவள், "பரவால்லீங்க" என்று மட்டும் சொன்னாள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. என் மாத்திரையை, அட்டை பிடிபட்ட அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிட்டாள். இருமல் பொங்கலோடு நின்றது. இனிமேல் வைத்தியப் புத்தகத்தைத் தொடுவதில்லை, யார் உடம்பைப் பற்றியும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நீங்கள் கவலைப்படவேண்டாம், அலைந்துகொண்டு வரவும் வேண்டாம். உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டதால் எங்களாலும் இப்போதைக்கு அங்கே வரமுடியாது.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று, அந்த நோய்களின் பெயரெல்லாம் தெரிந்தவன் என்ற முறையில், மனமார வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
பாலகுரு.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு முடிக்கவும் உங்கள் போன் வந்தது. அப்பாதுரைக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தி, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, போன வாரம் கிணற்றடியில் விழப் பார்த்தேன் என்றீர்கள். "மலர்கிட்ட சொல்லாதீங்க மாப்ள, ரிசல்ட் வர்ற வரைக்கும் அது நிம்மதியா இருக்கட்டும்" என்றீர்கள். சரி மாமா என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் புத்தகத்தை எடுத்துத் தலைசுற்றலைத் தேடினேன், நாலு விடையும் சரி மாதிரியே இருந்தது. உடனே இதை இங்கே எழுதிவிட்டேன். என் எழுத்துப்பிழைகளைத் திருத்தாமல் எந்தக் கடிதத்தையும் வெளியே விடுகிற வழக்கம் உங்கள் பெண்ணுக்குக் கிடையாது. இப்போது தோளுக்கு மேலே நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறோம், கடிதத்தை நானே கையில் கொண்டுவருகிறேன். இதை நீங்கள் படிக்கும்போது அவள் பிரஷர் பார்க்கும் கருவியோடு எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவேண்டாம் மாமா. ஒன்றும் பேசாமல் சட்டைக் கையை மேலே மடித்துவிட்டுக் கையை நீட்டிவிடுங்கள்.