ஆயுத பூஜையில ஓயாத லாப்டாப்

ஆயுத பூஜைக்கு லாப்டாப்ப ஆஃப் பண்ணி சாமி படத்துக்கு முன்னாடி வெக்கணும். அன்னிக்கு எனக்கு இருந்த ஒரே வேல இதுதான்.

உத்திரமேரூர்ல வூட்லயே உக்காந்து சென்னை கம்பெனிக்கு வேல பாக்குறவன் நான். வெளிநாட்டு கிளையண்ட்டுக்கு ஏது ஆயுத பூஜை? லீவு கெடைக்காது. அதனால மொத நாளே மேனேஜருக்கு போன் போட்டு, "சார், லாப்டாப் ஆனே ஆகல. நாளைக்கு சர்வீஸ் சென்டர்ல குடுக்கணும்"னு அளந்துட்டேன். மனுஷன் நம்பிட்டாரு. சம்பளம் ஏத்துற அப்ரைசல் மாசம் வேற, மாட்டுனா தொலைஞ்சேன்!

காலைல எம் பொண்டாட்டி செல்வி மண்வெட்டி, அருவாமணை, அவளோட தையல் மிஷின் எல்லாத்தையும் தொடச்சு அடுக்கிட்டா.

"இன்னா மாமா, உன் பொட்டி மட்டும் இன்னும் மூச்சு வுட்டுக்கினு கீது? பூஜைல எல்லாம் ஓஞ்சி கெடக்கணும். ஆஃப் பண்ணி எட்த்துனு வா!"

ஷட் டவுன் அமுக்கினேன். ஸ்க்ரீன் கறுப்பாச்சு. சார்ஜர் ஒயரோட பெருமையா தூக்கிட்டுப் போய் மண்வெட்டி பக்கத்துல வெச்சேன்.

வெச்சதுதான் தாமதம், பளிச்னு லோகோ வருது! ரீஸ்டார்ட்!

மறுபடி அமுக்கினேன். மறுபடி வந்துச்சு.

செட்டிங்ஸ் உள்ள போய் என்னென்னமோ மாத்தினேன். ஸ்க்ரீன்ல வெளிச்சம் மட்டும் கூடுச்சு.

பஜார்ல மொபைல் கடை வெச்சிருக்குற கூட்டாளி பாபுவுக்கு போன் போட்டேன்.

"பவர் பட்டன அமுக்கிப் புட்சிக்கினே இரு மச்சான். கைய எடுக்காத. அடங்கிடும்."

அட, அடங்கிடுச்சு! எனக்கு உசுரே வந்துச்சு.

அதுக்குள்ள செல்வி சந்தனக் கிண்ணத்தோட வந்துட்டா. அவ எந்தப் பொருளுக்கும் நெத்தி பாத்துதான் பொட்டு வெப்பா. லாப்டாப்புக்கு எது நெத்தி? அந்த பவர் பட்டன்தான் அவ கண்ணுக்கு நெத்தியா தெரிஞ்சிருக்கு. சந்தனத்த எடுத்து கட்டை வெரலால ஒரே அமுக்கு!

ஆன் ஆயிடுச்சு.

நான் பாய்ஞ்சேன். கையிலயே ஒண்ணு போட்டா.

"தொடாத! பொட்டு வெச்சாச்சி. இனிமே நாளைக்குதான் எடுக்கணும்."

"ஆன்ல கீதுடி!"

"கீட்டும். சாமி கோச்சிக்காது. நீ தொட்டாதான் நான் கோச்சிக்குவேன்."

பாஸ்வேர்டு அடிக்க சோம்பேறித்தனப்பட்டு, அதக் கேக்காத மாதிரி மாத்தி வெச்சிருந்த புத்திசாலி நாந்தான். ஆபீஸ் சாட் தானா தொறந்து, எம் பேருக்குப் பக்கத்துல பச்சப் புள்ளி எரியுது. நான் ஆன்லைன்ல இருக்கேன்னு ஊருக்கே அறிவிப்பு!

ஒயருக்கு பொட்டு வெக்கலயே, சார்ஜ் தீந்தாவது அணையட்டும்னு சார்ஜர பிடுங்கினேன். பேட்டரி ஃபுல்லா இருந்துச்சு. சாமிக்கு வெக்கிற பொருளாச்சேன்னு காலைலதான் பக்தியா சார்ஜ் போட்டிருந்தேன்.

கற்பூரம் காட்டும்போது செல்லு அடிச்சுது. மேனேஜர்!

"லாப்டாப் ரெடி ஆயிடுச்சா? ஆன்லைன் காட்டுதே!"

"அது... தானா ஆன் ஆகுது சார்."

"நேத்து ஆனே ஆகலன்னீங்க?"

"ஆமா சார். இப்ப ஆஃப் ஆகல."

வாழ்க்கைல மொத தடவையா அவர்கிட்ட உண்மைய பேசுறேன், எனக்கே பொய் மாதிரி கேக்குது.

"வீடியோ கால் வாங்க. காட்டுங்க."

வேற வழியில்லாம காட்டினேன். மண்வெட்டிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவுல, தலைல சாமந்திப்பூ, பக்கத்துல பொரிகடலைன்னு மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கு லாப்டாப்.

"இது எந்த சர்வீஸ் சென்டர்?"ன்னு கேட்டாரு.

அப்ரைசல், வேல எல்லாம் கற்பூரத்தோட சேந்து கரையிற மாதிரி இருந்துச்சு. செல்வி செல்ல வெடுக்குனு புடுங்கினா.

"சார், வணக்கம். பொட்டு வெச்சத இன்னிக்கு எட்க்க மாட்டோம். பொழைக்கிற பொருளுக்கு வருசத்துல ஒரு நாளாச்சும் ஓய்வு குடுக்கணும் சார். உங்க வூட்ல யாரும் உங்களுக்கு சொல்லலியா? நீங்களும் ஆஃப் பண்ணிட்டு ரெண்டு பொரி வாயில போடுங்க. உங்க கீழ கீற பசங்களும் நிம்மதியா இருப்பாங்க!"

மேனேஜர் மெதுவா, "சரிங்கம்மா"ன்னாரு. கட் ஆயிடுச்சு.

நான் சாமிய விட்டுட்டு லாப்டாப் ஸ்க்ரீனயே பாத்துட்டு நின்னேன். கொஞ்ச நேரத்துல மேனேஜர் பேருக்குப் பக்கத்துல இருந்த பச்சப் புள்ளி அணைஞ்சுது.

எங்க வூட்டு லாப்டாப்ப ஆஃப் பண்ண முடியல. சென்னைல இருக்குறத செல்வி ஒரே போன்ல ஆஃப் பண்ணிட்டா!