உங்கள் கடைக்கே வந்துவிடுகிறேன், மச்சான்

சந்தாபுரா,
வியாழக்கிழமை மாலை.

பெருமதிப்புக்குரிய டெரிக் மச்சானுக்கு,

சிரில் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை சோஃபியாவும் இங்கே சுகம். என் தொண்டை மட்டும் சுகமில்லை. அத்திபெலேயில் நீங்களும் பிரிஜெட் அக்காவும் உங்கள் ஹார்டுவேர் கடையும் குறையில்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். பஸ் ஏறினால் அரை மணியில் வந்துவிடக்கூடிய ஊருக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நீங்கள் சிரித்தால் எனக்கு ரோஷம் வரும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிடுவேன். கடிதமென்றால் உங்கள் சிரிப்பு எனக்குக் கேட்காது.

விஷயம் இதுதான். பீன்யா ஃபேக்டரியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகப் போகிறேன் என்றபோது, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு மாப்ள இந்த வேலை? பேசாம நம்ம கடையில வந்து உக்காருங்க" என்றீர்கள். நான் கோபித்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனேன். அந்த அழைப்பு இன்னும் இருக்கிறதா? இருந்தால் வந்துவிடுகிறேன். என்னுடைய ஆறு மாத புரொபேஷன் இந்த வாரம் முடிகிறது. வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று பிரின்சிபால் ஐரின் மேடம் நாளைக்குச் சொல்வார். என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே தெரியும்.

எப்படித் தெரியும் என்பதை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தால் அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நானோ காலமெல்லாம் மெஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவன், அதே குரலில் "சைலன்ஸ்!" என்றேன், என் வகுப்பு அடங்கியது சரி, அதோடு பக்கத்து வகுப்பும் அதற்கடுத்த வகுப்பும் சேர்ந்து அடங்கிவிட்டன, கன்னட வாத்தியார் கிருஷ்ணப்பா கையில் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து "யார் சார் விழுந்தது?" என்று கேட்டார். யாரும் விழவில்லை, பாடம் நடத்துகிறேன் என்றேன். அந்த வாரக் கடைசியில் குரல் சுத்தமாகப் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், நான் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்த பிறகுதான் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்டார்கள். சத்தம் போடாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு பனங்கற்கண்டு மிச்சமாகியிருக்கும்!

அப்புறம் போர்டு. நான் எழுதும் வரி இடது ஓரத்தில் ஒழுங்காகத்தான் புறப்படும், வலது ஓரம் போவதற்குள் ஃபேனைப் பார்த்து ஏறிவிடும், பிள்ளைகள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்தே எழுதிப் பழகிவிட்டார்கள். "வீட்லயும் தலையைச் சாச்சுக்கிட்டேதான் சார் சாப்பிடறான்" என்று ஒரு தகப்பனார் வந்து சொன்னார். அது அடங்குவதற்குள் இன்னொன்று. ஃபேக்டரியில் நான் தரம் பார்க்கிற ஆள் இல்லையா, தப்பான சாமானில் சிவப்பு மையால் 'ரிஜெக்ட்' என்று எழுதிய கை, ஒரு பையனுடைய வீட்டுப்பாடத்திலும் அதையே எழுதிவிட்டது. மறுநாள் அவன் அம்மா பள்ளிக்கூட கேட்டிலேயே என்னை மடக்கி, "இவனை ரிஜெக்ட் பண்ண நீங்க யாரு சார்? பெத்த நானே இன்னும் பண்ணல!" என்றார். நியாயமான கேள்வி. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும் மச்சான், என்னைக் கவிழ்த்தது 'எஸ் சார்'தான். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். மொத்த வகுப்பும் ராகம் போட்டு "எஸ்ஸ்ஸ் சார்" என்று சொல்லும். அடடா, நமக்கு இப்படி ஒரு திறமை இருந்ததே தெரியாமல் ஃபேக்டரியில் காலத்தைக் கழித்துவிட்டோமே என்று வீட்டுக்கு வந்து சோஃபியாவிடம் பீற்றிக்கொள்வேன். பரீட்சை வைத்தேன். பேப்பரைத் திருத்திவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன். மறுநாள் போய், "புரியலன்னா புரியலன்னு சொல்லுங்கப்பா. அதுக்குக் கோபப்பட மாட்டேன். புரியாமலே எஸ் சார் சொன்னாத்தான் கோபம் வரும்" என்றேன். அதற்கும் "எஸ் சார்" என்றார்கள். அன்றிலிருந்து தினமும் இதையே சொல்லிப் பார்த்தேன். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. திறந்தார்கள், இன்றைக்கு! நான் பாடம் நடத்துவதைப் பார்க்க ஐரின் மேடம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கும்போது!

மேடம் வரும் நாளுக்குப் பாடத்தை முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். நானும் பார்த்தேன். அட்டையில் தோசை வெட்டிப் பின்னங்களைக் கூட்டும் பாடம். யார் பதில் சொல்வது, யார் சந்தேகம் கேட்பது எல்லாம் ஏற்பாடு. இன்று வகுப்புக்குள் நுழைந்து "குட் மார்னிங்" என்றேன். முதல் பெஞ்சு எழுந்து "முக்கால் சார்!" என்றது. நான் இன்னும் தோசையைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. சந்தேகம் கேட்க வேண்டிய தருண் எழுந்து, "சார், என் டவுட்டை இப்பவே கேக்கட்டுமா, அப்புறமாவா?" என்றான். மேடம் முகத்தில் சலனமே இல்லை. "இந்தப் பாடம் இவங்களுக்கு நல்லாவே தெரியுது மிஸ்டர் சிரில். அடுத்ததை எடுங்களேன்" என்றார்.

அடுத்தது பின்னத்தால் வகுப்பது. மூன்றை அரையால் வகு. அரையைத் தலைகீழாக்கிப் பெருக்கினேன், ஆறு வந்தது, நாமெல்லாம் காலங்காலமாகச் செய்கிற வேலை. பழக்க தோஷத்தில் "புரிஞ்சுதா?" என்று கேட்டுத் தொலைத்தேன். இரண்டாம் பெஞ்சிலிருந்து சிந்து எழுந்தாள். அதிர்ந்து பேசாத பெண். "இல்ல சார். வகுத்தா கொறையத்தானே செய்யணும்? மூணு எப்படி ஆறாச்சு?" உடனே இன்னொருவன் "அர்த்தா ஆகலில்லா சார்" என்று கன்னடத்தில் ஆரம்பித்தான், பின்னால் ஒருத்தன் "சம்ஜா நை சார்" என்று உருதுவில் முடித்தான். புரியவில்லை என்பதை மூன்று பாஷையிலும் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டார்கள். கொடுமை என்னவென்றால், ஏன் ஆறாகிறது என்று எனக்கும் அந்த நேரத்தில் சொல்லத் தெரியவில்லை. "எனக்கும் தெரியலம்மா. யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்றேன். பெல் அடித்தது. மேடம் ஏதோ குறித்துக்கொண்டு எழுந்து போனார்.

மனசு ரொம்ப விட்டுப்போயிற்று மச்சான். பிள்ளைகள் மேல் கோபமில்லை. சொல்லச் சொன்னதே நான்தானே. உங்கள் கடையில் ஆணி எடை போடுகிறேன், பெயின்ட் கலக்குகிறேன், ஆணிகள் சந்தேகம் கேட்காது. திங்கட்கிழமையே வந்துவிடலாம் என்று இருக்கிறேன். சோஃபியாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். பிரிஜெட் அக்காவுக்கு என் தோத்திரம், உங்கள் வீட்டுச் சின்னதுகளுக்கு முத்தம். உங்கள் குடும்பத்தை மாதா எந்நாளும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
சிரில்.

பி.கு.: இது வெள்ளிக்கிழமை மாலை. மேலே எழுதியதில் தோத்திரத்தையும் முத்தத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். காலையில் பள்ளிக்கு எதிரே இருக்கும் ஹோட்டலில் வாத்தியார்கள் ஆறு பேர் நின்றிருந்தோம். கிருஷ்ணப்பா வழக்கம்போல "மூணு காபி, பை டூ" என்றார். ஆளுக்குப் பாதியாக ஆறு டம்ளர் வந்தது. மூன்று காபி, ஆளுக்கு அரை, ஆறு பேர்! நான் போட்ட சத்தத்தில் கிருஷ்ணப்பா தன் பங்கைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். நேரே வகுப்புக்கு ஓடி, போர்டில் டம்ளர் வரைந்து காட்டினேன். சிந்து தலையாட்டினாள்.

மதியம் மேடம் கூப்பிட்டார். "பதினோரு வருஷமா நான் கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்கறேன். எனக்கு முன்னால ஒரு பிள்ளைகூட புரியலன்னு சொன்னதில்ல. பயம். உங்க பிள்ளைங்களுக்கு உங்ககிட்ட பயமில்ல மிஸ்டர் சிரில். நீங்க இங்கேயே இருங்க" என்றார். என் கண் கலங்கிவிட்டது மச்சான், சிரிக்காதீர்கள். அதோடு விட்டாரா, பிள்ளைகளுக்கு இந்தத் தைரியத்தை எப்படிக் கொண்டுவந்தேன் என்று சனிக்கிழமை மற்ற வாத்தியார்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டுமாம். எனக்கென்ன தெரியும்? சாயங்காலம் சிந்துவையே பிடித்து, "மேடம் உக்காந்திருக்கும்போது உனக்கு எங்கேருந்தும்மா அவ்வளவு தைரியம் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"தைரியம்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றாள். "நெஜமாவே புரியல."